வாசகர் கேள்வி பதில்: "தண்ணிக்கு மாசம் எவ்வளவு தருவீங்க?" எண்டு கேட்டா என்ன சொல்லுறது?

போன மாசம் கிணறு இறைக்கிறதைப் பத்தி எழுதினதுக்குப் பிறகு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல தண்ணிக் காசைப் பத்தினதுதான். எல்லாத்தையும் போட இடமில்ல, ஒரே கேள்வியை நாலைஞ்சு பேர் கேட்டிருந்தா ஒண்டை மட்டும் எடுத்திருக்கன்.

எங்கட வீட்டுக்கு ரெண்டு பேர் ஃபோர்மோட வந்து, பைப் தண்ணி தந்தா மாசம் 500 ரூபா கட்டுவீங்களா, சரி 700 எண்டா, சரி 300 எண்டா எண்டு ஏலம் போடுற மாதிரி கேட்டாங்க. என்ர மனுசன் 300க்கு மேல ஏலாது எண்டு சொல்லிட்டார். நான் குசினிக்குள்ள நிண்டனான், என்னைக் கேட்டிருந்தா 700க்கே ஓம் எண்டிருப்பன். அவர் சொன்னதால எங்களுக்குத் தண்ணி வராமப் போயிடுமா? ஏன் இப்பிடிக் கேக்கிறாங்க?
(மூதூர்ப் பக்கத்தில இருந்து ஒரு வாசகி)

அக்கா, பயப்பிடாதீங்க, உங்கட ஒரு வீட்டுப் பதிலை வைச்சு ஒருத்தரும் பைப்பை நிப்பாட்ட மாட்டாங்க. ஆனா எல்லா வீட்டுப் பதிலும் சேர்ந்தா அதுக்கு ஒரு பலம் இருக்கு, அதால நீங்க கேட்டது நல்ல கேள்வி.

இன்னும் கடைக்கு வராத ஒரு சாமானுக்கு விலை எப்பிடிப் பாக்கிறது? வாங்கப்போற ஆக்களிட்டயே கேக்கிறதுதான் வழி. இந்த முறை உலகம் முழுக்கப் பிரபலமானது 1989ல அலாஸ்காவில எக்ஸான் வால்டீஸ் எண்ட எண்ணெய்க் கப்பல் உடைஞ்சு கடல் நாசமானதுக்குப் பிறகு. நாசமான கடலுக்கு என்ன விலை எண்டு கோடு கச்சேரி வரைக்கும் போனாப்பிறகு, சனத்திட்டக் கேட்டு எடுக்கிற கணக்கை நம்பலாமா எண்டு பாக்க ஒரு குழு போட்டாங்க. அதுக்குத் தலைமை தாங்கின கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ ரெண்டு பேருமே பொருளாதாரத்துக்கு நோபல் எடுத்தவங்க. 1993ல அவங்க சொன்னது, நம்பலாம், ஆனா கேக்கிற விதத்தில கேக்கோணும் எண்டு. எவ்வளவு தருவீங்க எண்டு சும்மா கேக்காம, இவ்வளவுதான் விலை, ஓமா இல்லையா எண்டு வோட்டு மாதிரிக் கேக்கச் சொன்னாங்க. இந்தக் காசை இதுக்குக் குடுத்தா வேற செலவுக்குக் குறையும் எண்டதையும் ஞாபகப்படுத்தச் சொன்னாங்க.

உங்கட வீட்டில நடந்த ஏல முறையில ஒரு சிக்கல் இருக்கு. முதல்ல என்ன நம்பரைச் சொல்லுறாங்களோ அதைச் சுத்தித்தான் எங்கட மனசு ஓடும், 500ல தொடங்கினா ஒரு பதில், 200ல தொடங்கினா வேற பதில். அதோட உங்கட மனுசன் மாதிரி, குறைச்சுச் சொன்னா குறைச்சுத்தான் எடுப்பாங்க எண்டு நினைச்சு இறக்கிச் சொல்லுற ஆக்களும் இருக்காங்க, வந்தவங்க மனம் நோகக் கூடாது எண்டு எல்லாத்துக்கும் தலையாட்டுறவங்களும் இருக்காங்க. நானும் ஒரு காலத்தில இப்பிடி ஃபோர்மோட வீடு வீடாத் திரிஞ்சனான். கூடுதலா ரெண்டாவது வகையைத்தான் கண்டனான், தேத்தண்ணி ஊத்தித் தந்து போட்டு, தம்பி நீங்க என்ன எழுதோணுமோ அதை எழுதுங்கோ எண்டுவாங்க.

இன்னொரு விசயம். நைஜீரியாவில தண்ணியைப் பத்தி இப்பிடி ஒரு ஆய்வு செய்யேக்க, கொஞ்சப் பேரிட்ட உடனே பதில் வாங்கினாங்க, மத்தவங்களுக்கு ராத்திரி வீட்டில கதைச்சுப் பேசி யோசிச்சுச் சொல்ல நேரம் குடுத்தாங்க. நேரம் கிடைச்சவங்க சொன்ன தொகை குறைவா இருந்தது. 1992ல வந்த ஆய்வு அது. அதால எவ்வளவு கூடச் சொன்னாங்க எண்டதை விட எவ்வளவு யோசிச்சுச் சொன்னாங்க எண்டதுதான் முக்கியம், உங்கட 700ஐயும் ஒருக்கா ராத்திரிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க.

எப்பிடிப் போடுறது எண்டா, நாலு நடை தண்ணிக்குப் போறீங்க, ஒரு நடைக்குப் போக வர, வரிசையில நிக்க எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம் எண்டு வைச்சுக்கொள்ளுவம். ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம், மாசம் 60 மணித்தியாலம். கூலி வேலைக்கு ஒரு நாள் 8 மணித்தியாலம் எண்டா அது ஏழரை நாள் சம்பளம். அந்த ஏழரை நாளும் உங்கட இடுப்பிலதான் போகுது, மனுசன்ர பொக்கற்றில இருந்து போகல்ல, அதாலதான் அவருக்கு 300, உங்களுக்கு 700. குடம் தூக்கிற ஆளைக் கேக்காம வீட்டுத் தலைவரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போற ஃபோர்ம் அரைவாசி ஃபோர்ம்தான். அடுத்த முறை வந்தா குசினிக்குள்ள நிக்காதீங்க, வெளியில வந்து கதிரை போட்டு இருங்க, என்னையும் எழுதுங்க எண்டு சொல்லுங்க. எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணித்தியாலம் வரும், கோடையிலயும் வருமா, மீட்டர் இருக்கா, உடைஞ்சா யார் திருத்துறது எண்டு முதல்ல அவங்களைக் கேளுங்க. என்ன தரப்போறாங்க எண்டு தெரியாம விலை சொல்ல ஒருத்தராலயும் ஏலாது.

தண்ணி மனித உரிமை எண்டு ஐநாவே சொல்லிட்டுது. பிறகெதுக்கு நாங்க காசு கட்டோணும்? எங்கட உம்மாட காலத்தில தண்ணிக்கு ஆர் பில் கட்டினது?
(கிண்ணியாவில இருந்து ஒரு தம்பி)

ஐநா சொன்னது உண்மைதான். 2010 ஜூலை 28ம் திகதி பொதுச்சபையில 122 நாடு ஆதரவா வோட்டுப் போட்டு, எதிரா ஒருத்தரும் போடாம, 41 நாடு நடுநிலையா நிண்டு அந்தத் தீர்மானம் நிறைவேறினது. தண்ணி மட்டுமில்ல, மலகூட வசதியும் சேர்த்துத்தான். ஆனா அதில இலவசம் எண்டு எழுதல்ல தம்பி, கட்டக்கூடிய விலையில எண்டுதான் இருக்கு. காசில்லாத காரணத்தால ஒரு வீட்டுக்குத் தண்ணி இல்லாமப் போகக் கூடாது எண்டதுதான் அந்த உரிமை. கந்தளாய்க் குளத்தில இருக்கிற தண்ணிக்கு ஒருத்தரும் விலை போடல்ல, அதை வடிகட்டி குளோரின் போட்டு பம்ப் பண்ணி உங்கட வளவு வரைக்கும் கொண்டுவாற கரண்டுக்கும் ஆளுக்கும் பைப்புக்கும் ஆரோ ஒருத்தர் காசு குடுக்கத்தான் வேணும். நாங்க குடுக்காட்டி அரசாங்கம் குடுக்கும், அதுவும் எங்கட வரிக்காசுதான், அங்க காசு முடிஞ்சா தண்ணியும் முடியும். 2022ல நாடே காசில்லாம நிண்டதைக் கண்டனாங்கள்தானே.

உங்கட உம்மாவும் சும்மா குடிக்கல்ல. கிணறு வெட்டினதும் வருசா வருசம் இறைச்சதும் கயிறு வாளி வாங்கினதும் செலவுதான், பில் வரல்ல, அவ்வளவுதான்.

ஆனா ஒரு இடத்தில உங்களோட நான் நிக்கிறன். கட்ட விருப்பம் வேற, கட்டக்கூடிய சக்தி வேற. அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் காசில சீவிக்கிற ஒரு விதவை, பிள்ளைக்குப் பால்மா வாங்கிற காசை வெட்டி 500 கட்டுறன் எண்டு சொன்னா, அந்தச் சொல்லை வைச்சு இந்த ஊர் 500 கட்டும் எண்டு எழுதிறது பெரிய அநியாயம். வருமானத்தில இத்தனை வீதம் தண்ணிக்குப் போகலாம் எண்டு 3, 5 எண்டெல்லாம் ஒரு கணக்கு முந்தி வைச்சிருந்தாங்க, ஹெய்ட்டியில கிராமத்துச் சனத்திட்டப் போய்க் கேட்டுப் பாக்கேக்க அவங்க சொன்னது 2 வீதத்தைச் சுத்தித்தான் வந்தது. கொழும்பில மேசையில இருந்து போடுற வீதம் எங்கட ஊருக்குப் பொருந்தும் எண்டு இல்ல.

நாங்க குடிக்கிறதுக்கு பில்டர் தண்ணி 20 லீற்றர் கேன் 60 ரூபாக்கு வாங்கிறம், ஒரு நாளைக்கு ஒரு கேன் முடியுது. இது நட்டமா?
(குச்சவெளி)

லீற்றர் 3 ரூபா. அந்த விலையில ஒரு யூனிட், அதாவது 1000 லீற்றர், 3000 ரூபா. மாசத்துக்கு 1800 ரூபா குடிக்க மட்டும் குடுக்கிறீங்க. கிராமத்து ஆக்கள் தண்ணிக்குக் காசு குடுக்க மாட்டாங்க எண்டு யாராவது சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க. நைஜீரியாவில ஒனிட்சா எண்ட டவுன்லயும் இதேதான், பைப் தண்ணிக்காரங்களுக்குப் போன காசை விட வண்டில தண்ணி வித்த ஆக்களுக்குப் போன காசு பல மடங்கு.

உங்கட கிணறு உப்பு, கல்லுத்தன்மை, ஃப்ளோரைட் எண்டா பில்டர் தண்ணி வாங்கிறதில பிழையில்ல, ஏனெண்டா கொதிக்க வைச்சா கிருமிதான் சாகும், உப்பும் ஃப்ளோரைட்டும் போகாது. கேனை வெயிலில வைக்காதீங்க, கழுவிக் காய வைச்சு எடுங்க, நல்ல தண்ணியை ஊத்தைக் கேனுக்குள்ள ஊத்தி நாசமாக்கிறதுதான் கனக்க நடக்குது.

எங்கட வளவில கிணறு இருக்கு, தண்ணி தேங்காத்தண்ணி மாதிரி. சுனாமிக்குப் பிறகும் ரெண்டு மூண்டு மாரியில தெளிஞ்சிட்டுது. நான் ஏன் பைப் லைனுக்குக் காசு கட்டோணும்?
(நிலாவெளியில இருந்து ஒரு ஐயா)

கட்டத்தான் வேணும் எண்டு நான் சொல்லமாட்டன் ஐயா. நல்ல கிணறு வைச்சிருக்கிற வீடு பைப்புக்குக் குறைச்சு விலை சொல்லுறது நியாயமான பதில்தான், ஆய்வு செய்யிறவங்களும் அதை எதிர்பாத்துத்தான் கிணறு இருக்கா, தண்ணி ருசி எப்பிடி எண்டெல்லாம் கேக்கிறாங்க.

ஒண்டு மட்டும் யோசியுங்க. எங்கட கடற்கரை மணல்ல நல்ல தண்ணி ஒரு மெல்லிசான படையா உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது. சுனாமிக்குப் பிறகு உதவி செய்ய வந்த ஆக்கள் மோட்டர் போட்டு இறைச்சுத் தள்ளின சில கிணறுகள் முந்தினதை விடக் கூடுதலா உப்பானது அதாலதான், மேல் தண்ணியை எடுக்க எடுக்கக் கீழ இருந்து உப்பு ஏறிட்டுது. சும்மா விட்ட கிணறுகள் மழையில தானா மாறினது. இப்ப சுத்தி வர கெஸ்ட் ஹவுஸ், ஒவ்வொண்டிலயும் மோட்டர், ஒவ்வொண்டுக்கும் மலகூடக் குழி. மணலுக்குள்ளால குழித்தண்ணி வடிஞ்சு வாறது நாக்குக்குத் தெரியாது, ருசி அப்பிடியேதான் இருக்கும். கிணத்துக்கும் குழிக்கும் 50 அடி எண்டு பிஎச்ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார்) சொல்லுறது உங்கட வீட்டுக் குழிக்கு மட்டுமில்ல, வேலிக்கு அங்கால இருக்கிற குழிக்கும்தான். பிஎச்ஐயிட்டச் சொல்லி ஒரு போத்தல் தண்ணியை டெஸ்ட் பண்ணிப் பாருங்க, 100 மில்லிலீற்றரில ஈ கோலை எண்ட மலக் கிருமி ஒண்டுகூட இருக்கக் கூடாது. ரிப்போட் நல்லா வந்தா சந்தோசமாக் குடியுங்க. இல்லாட்டி கிணத்தைக் குளிக்க, தோய்க்க, மரத்துக்கு வைச்சுக்கொண்டு குடிக்க மட்டும் பைப் எடுங்க, அப்ப பில்லும் சின்னனாத்தான் வரும்.

எங்கட ஊர்த் தண்ணிச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். 80 குடும்பம், மாசம் 250 ரூபா. கரண்டும் பம்ப் போடுற பொடியன்ர சம்பளமும் 18,000 போகுது. போன வருசம் மோட்டர் எரிஞ்சு 150,000 கேட்டாங்க, கையில காசில்ல. ரெண்டு மாசம் தண்ணி வரல்ல, இப்ப தண்ணி வந்தும் ஆக்கள் காசு கட்டுறாங்க இல்ல. சனம் காசு கட்ட விருப்பமில்லாத சனமா?
(தம்பலகாமம்)

இந்தக் கடிதத்தை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன், ஏனெண்டா முழுக் கதையும் இதுக்குள்ள இருக்கு. உங்கட சனம் கட்ட விருப்பமில்லாத சனமில்ல, ரெண்டு மாசம் வராத தண்ணிக்குக் கட்ட விருப்பமில்லாத சனம்.

உங்கட நம்பரையே போட்டுப் பாப்பம். 80 குடும்பமும் கட்டினா 20,000. செலவு 18,000. மிச்சம் 2,000, வருசத்துக்கு 24,000. 150,000 சேர ஆறு வருசத்துக்கு மேல வேணும், அதுவும் ஒரு வீடும் பிந்தாமக் கட்டினா. மோட்டர் ஆறு வருசம் காத்துக்கொண்டு இருக்குமா? அப்ப பிழை நடந்தது மோட்டர் எரிஞ்ச நாளில இல்ல, 250 எண்டு தீர்மானிச்ச கூட்டத்திலதான். சனம் கோவிக்கும் எண்டு பயந்து குறைச்சு வைச்சிருப்பீங்க. வீட்டுக்கு 100 ரூபா கூட்டி 350 எண்டு வைச்சிருந்தா மாசம் மிச்சம் 10,000, பதினைஞ்சு மாசத்தில மோட்டர்க் காசு கையில.

குறைஞ்ச காசு, அதால பழுதான சேவை, சேவை பழுது எண்டு சனம் கட்டாது, கட்டாததால இன்னும் பழுது. கேரளாவில 1980களின்ர கடைசியில வீடு வீடாக் கேட்டு ஆய்வு செய்தவங்க இதே வலையைத்தான் கண்டாங்க, அங்க கட்டணம் நல்லாக் குறைவு, ஆனா தண்ணி வாறது நிச்சயமில்ல, கனெக்சனும் கொஞ்ச வீட்டுக்குத்தான். சனத்திட்டக் கேட்டா, ஒழுங்கா வந்தா இதை விடக் கூடக் கட்டுறம் எண்டாங்க. சும்மா வாய்ப்பேச்சா எண்டு பாக்க கொஞ்ச வருசம் கழிச்சுத் திரும்பப் போய்ப் பாத்தாங்க, பெரும்பாலான வீடுகள் முந்திச் சொன்ன மாதிரியே நடந்திருந்தது.

எங்கட நாட்டிலயும் 1993ல உலக வங்கிக் காசோட பதுளை, இரத்தினபுரி, மாத்தறைப் பக்கம் தொடங்கின சமுதாயத் தண்ணித் திட்டங்கள் இந்த யோசனையிலதான் வந்தது, ஊரும் உழைப்பும் காசும் போட்டுக் கட்டோணும், பிறகு ஊரே நடத்தோணும் எண்டு. நல்ல யோசனைதான், ஆனா எங்கட பக்கத்தில சனம் யுத்தம், இடம்பெயர்வு, முகாம் எண்டு வருசக்கணக்கா பவுசர் லொறித் தண்ணியை இலவசமா எடுத்துத்தான் சீவிச்சது. திரும்பி வந்து ஒரே நாளில பில் கட்டு எண்டா மனசு உடனே திரும்பாது, அதுக்கு நேரம் குடுக்கத்தான் வேணும்.

நீங்க செய்யக்கூடியதைச் சொல்லுறன். முதல்ல கணக்கை வெளியில போடுங்க, வாசிகசாலைச் சுவரிலயோ கோயில் மண்டபத்திலயோ, எவ்வளவு வந்தது, கரண்டுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு எண்டு ஒவ்வொரு மாசமும். காசை ஆரோ திண்டிட்டாங்க எண்ட கதை உங்கட ஊரிலயும் ஓடியிருக்கும், நீங்க ஒரு சதமும் தொடாட்டியும் ஓடும், அந்தக் கதைதான் கட்டணத்தை விடப் பெரிய எதிரி. பிறகு கூட்டம் வைச்சு நான் மேல போட்ட கணக்கை அப்பிடியே வாசிச்சுக் காட்டுங்க, 350 கட்டினா இது நடக்கும், 250 கட்டினா இது நடக்கும், எது வேணும் எண்டு கேளுங்க. மோட்டர்க் காசை வேற வங்கிக் கணக்கில, மூண்டு பேர்ட கையெழுத்தில, அதில ஒருத்தர் பொம்பிளையா இருக்கிற மாதிரிப் போடுங்க. மீட்டர் இல்லாட்டி மீட்டர் போடுங்க, ஒரு வீடு தோட்டத்துக்கு இறைக்க இன்னொரு வீடு ரெண்டு குடத்துக்கு அதே 250 கட்டினா கட்டாம விடுறதுக்கு அவங்களுக்கு நல்ல காரணம் இருக்கு. உண்மையாவே ஏலாத நாலைஞ்சு வீட்டைச் சங்கமே பேசி விடுதலை பண்ணுங்க, ரகசியமா இல்ல, கூட்டத்தில சொல்லி. தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களத்திலயும் போய்க் கதைச்சுப் பாருங்க, சங்கம் நடத்துற ஆக்களுக்கு வழி சொல்லுறது அவங்கட வேலை.

ஒரு லட்சத்துக்கு போன் வாங்கிற ஆக்கள் கக்கூஸ் குழி நிரம்பி வழிஞ்சாலும் பவுசருக்குக் காசு குடுக்க யோசிக்கிறாங்களே, இது என்ன மனசு?
(உப்புவெளி)

மனசைப் பழி சொல்ல முதல் காசு எங்க போகுது, பலன் ஆருக்குப் போகுது எண்டு பாக்கோணும். தண்ணிக்குக் குடுத்தா தண்ணி என்ர வீட்டுக்கு வருது. குழிக்குக் குடுத்தா பாதிப் பலன் பக்கத்து வீட்டுக் கிணத்துக்கும் அவங்கட பிள்ளைட வயித்துக்கும் போகுது. அதாலதான் மலகூடத்துக்கு எவ்வளவு தருவீங்க எண்டு கேட்டா தண்ணிக்குச் சொல்லுறதை விடக் குறைச்சுச் சொல்லுறாங்க. அவங்க சொல்லுற தொகையை மட்டும் வைச்சு இந்த ஊருக்கு மலகூடம் தேவையில்ல எண்டு முடிவு எடுத்தா அது பிழையான கணக்கு, ஏனெண்டா அந்தத் தொகைக்குள்ள அயலவன்ர பலன் இல்ல. இங்கதான் பிரதேச சபையோ அரசாங்கமோ காசு போடுறது நியாயம் எண்டு நான் உறுதியாச் சொல்லுவன்.

மலகூடம் எண்டதும் கனபேர் நினைக்கிறது கட்டிடம், டைல்ஸ், கொமட். செலவு அதோட முடியிறதில்ல, நிரம்பின பிறகுதான் உண்மையான செலவு. இடமிருந்தா ரெண்டு குழி போடுங்க, ஒண்டு நிரம்பினதும் மூடி மத்ததுக்குத் திருப்பிவிட்டு, மூடினதை ரெண்டு வருசம் தொடாம விட்டா அது மண்ணாகிடும், பவுசரே தேவையில்ல. ஆனா கடற்கரைப் பக்கம் மாரியில கிணத்துத் தண்ணி கைக்கெட்டுற மட்டத்துக்கு வரும், அங்க அடி திறந்த குழி போட்டா மலம் நேரா நிலத்தடித் தண்ணிக்குள்ளதான் போகும். அப்பிடி இடத்தில அடிபூசின ரெண்டு அறைத் தொட்டிதான் சரி, அதுக்கு பவுசர்ச் செலவும் இருக்கு. மாசம் ஒரு சின்னத் தொகையைச் சீட்டு மாதிரி நாலு வீடு சேர்ந்து போட்டு, ஒரே நாளில நாலு குழியையும் எடுக்கச் சொன்னா ஆளுக்கு விழுற காசும் குறையும். எடுத்ததைக் கொண்டுபோய் எங்க ஊத்துறாங்க எண்டதையும் கேளுங்க. களப்புக் கரையில ஊத்தினா உங்கட மீனிலயும் இறாலிலயும் திரும்பி வரும்.

மாசம் 400, 500 கட்டுறது பிரச்சினையில்ல. கனெக்சன் எடுக்கத்தான் ஒரேயடியா கொள்ளைக் காசு கேக்கிறாங்க. ரோட்டால பைப் போகுது, எங்கட வீட்டில தண்ணி இல்ல.
(சம்பூர்ப் பக்கத்தில இருந்து ஒரு தங்கச்சி)

தங்கச்சி, கேரளாவில அந்த ஆய்வில வந்த முக்கியமான விசயமே இதுதான். மாசக் கட்டணத்தை விடத் தொடக்கக் காசுதான் ஏழை வீட்டுக்கு மதில். அந்தத் தொகையை மாசப் பில்லோட சேர்த்துச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு எடுத்தா இன்னும் கனக்க வீடு சேரும் எண்டு அவங்க காட்டினாங்க. கடலுக்குப் போற வீட்டுக்கும் வயல்க் கூலி வீட்டுக்கும் மாசா மாசம் கொஞ்சம் வரும், மொத்தமா ஒருநாளும் வராது.

தனியாப் போய்க் கேட்டா கவுண்டரில ஏலாது எண்டுதான் சொல்லுவாங்க. உங்கட லேன்ல கனெக்சன் இல்லாத வீடெல்லாத்தையும் எழுதி, எல்லாரும் கையெழுத்து வைச்சு, தவணையில கட்டுறம், இத்தனை மாசத்தில முடிக்கிறம் எண்டு தெளிவா எழுதி, கிராம சேவகரிட்டயும் பிரதேச செயலகத்திலயும் நீர்வழங்கல் சபையிலயும் ஒவ்வொரு கொப்பி குடுங்க, குடுத்ததுக்கு சீல் வாங்கி வைச்சுக்கொள்ளுங்க. அது இழுபட்டா மாதர் சங்கத்தில பத்து வீடு சேர்ந்து ஒரு சீட்டுப் போடுங்க, மாசம் ஒரு வீட்டுக்கு கனெக்சன். முதல் சீட்டை எந்த வீட்டுக்குக் குடுக்கிறது எண்டு குலுக்க வேணாம், ஆக நிறையக் குடம் தூக்கிற வீட்டுக்குக் குடுங்க. என்ன நடந்தது எண்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்க, அடுத்த இதழில போடுறன்.